இழுபடும் தகடு

உறுதிக்கு உவமை தேடுவோர் பெரும்பாலும் உலோகத்திடமே செல்வர். இரும்பு நெஞ்சம் என்பர். உருக்குப் போன்ற உள்ளம் என்பர். வளையாததும் இளகாததுமான ஒரு பொருளாகவே உலோகம் பொதுமனத்திற் பதிந்துள்ளது. ஆயின், உலோகத்தோடு நாளும் பழகும் கொல்லனும் பொறியியலாளனும் இவ்வுவமையைக் கேட்டு நகைப்பர். கண்ணாடி இளக அறியாதது, அதனால் நொறுங்குகின்றது. உலோகமோ தாங்கவொண்ணாச் சுமை வந்துற்றபோது சற்றே நீண்டு, சற்றே வளைந்து, தன்னையும் தன்னை நம்பியிருப்போரையும் காத்துக்கொள்கின்றது. பாலங்களும் கப்பல்களும் ஆகாய விமானங்களும் உலோகத்தின் இந்தக் குணத்தை நம்பியே அமைக்கப்படுகின்றன.

உலோகம் இளகுகின்றது என்பது தெளிவு. ஆனால், அது எங்கே இளகுகின்றது? இழுபடும் தகட்டின் ஒவ்வோர் அங்கமும் சமமாகப் பங்கேற்று நீள்கின்றதா? அன்றி, ஏதோவோர் இடம் ஏனையவற்றின் பங்கையும் சுமக்கின்றதா? பொறியியலாளருக்கு மட்டுமே உரியதெனத் தோன்றும் இவ்வினா, கலைப்பீட மாணவனொருவனின் ஆய்வுக்கட்டுரையை ஒருநாட் பிற்பகலில் நிலைகுலையச் செய்தது.

அவன் பொருளியலைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவன். வன்னியிலுள்ள ஒரு குளத்தின் கீழான நெற்செய்கையைப் பற்றித் தன் இறுதியாண்டுக் கட்டுரையை எழுதி முடித்திருந்தான். விடுமுறைகளில் வரம்புகளில் நடந்து, வீடு வீடாகச் சென்று, விளைச்சற் கணக்குகளைத் திரட்டியிருந்தான். அவையனைத்தையும் கூட்டி வகுத்து, ஏக்கருக்கு இத்தனை புசல் என்றொரு சராசரியைக் கண்டு, அதன்மீதே தன் முடிவுரையை நிறுத்தியிருந்தான். அந்த அட்டவணைகளைச் சரிபார்த்துத் தரும்படி கேட்கவே, பொறியியற் பீடத்திற் பயின்ற தன் ஊர் நண்பனைத் தேடி ஆய்வுகூடத்துக்குச் சென்றான். நண்பன் அப்பொழுது இழுவைப் பொறியொன்றின் முன் நின்றான். சோதனை தொடங்கிவிட்டபடியால், வந்தவன் காத்திருக்க நேர்ந்தது.

பொறியின் இரு பிடிகளுக்கிடையே மெல்லிய தகடொன்று நிறுத்தப்பட்டிருந்தது. இரு முனைகளிலும் அகன்று நடுவில் ஒடுங்கிய அத்தகடு, அலுமினியத்தோடு சிறிதளவு மகனீசியம் கலந்த கலப்புலோகத்தாலானது. மேற்பிடி மிக மெதுவாக, மாறாத வேகத்தில் உயர்ந்துகொண்டிருந்தது. தகடு தாங்கும் சுமையும் அதன் நீட்சியும் அருகேயிருந்த திரையில் ஒரு வரைபாக வளர்ந்தன. முதலிற் கோடு நேராக ஏறியது. அது மீள்தன்மைப் பகுதி. அங்கு இழுப்பதை விட்டுவிட்டால் தகடு தன் பழைய நீளத்தை அடையும். பின்னர் கோடு மெல்ல வளைந்தது. இனி விட்டாலும் பழைய நீளம் திரும்பாது. தகடு நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிட்டது. இவ்வளவும் பாடப்புத்தகத்திற் கண்ட படத்தைப் போன்றே இருந்தது. ஆயின், சற்று நேரத்தில் கோடு நடுங்கலாயிற்று. சுமை சிறிது ஏறியது, சடுதியாக வீழ்ந்தது, மீண்டும் ஏறி மீண்டும் வீழ்ந்தது. வழவழப்பாகச் செல்லவேண்டிய வரைபு ஈர்வாளின் பற்களைப் போலாயிற்று.

“மெசின் பழுதோ மச்சான்?” என்று கேட்டான் வந்தவன்.

“மெசின் பழுதில்லை. தகடுதான் இப்பிடிச் செய்யுது. அந்த லைற்றைச் சரிச்சுப் பிடிச்சுக்கொண்டு பார்” என்றான் நண்பன்.

விளக்கைச் சரித்துப் பிடித்தபோது, மெருகிட்ட தகட்டின் முகத்திற் குறுக்கே சரிந்த மெல்லிய பட்டையொன்று தெரிந்தது. சில மில்லிமீற்றர் அகலமே இருக்கும். தகட்டின் ஒரு முனையருகே தோன்றிய அது, அசைந்து அசைந்து மறுமுனையை நோக்கிச் சென்றது, சென்றடைந்து மறைந்தது. பின்னர் இன்னொன்று தோன்றிற்று. சோதனை முடியும்வரை அவன் தன் அட்டவணைகளை மறந்து அந்தப் பட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

உலோகம் இழுபடும்போது ஒரே சீராக நீளாது என்பதை விஞ்ஞானிகள் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டுள்ளனர். 1837இல் சவார் என்பவரும் 1841இல் மாசோன் என்பவரும், கம்பிகளிலும் தகடுகளிலும் பாரத்தை ஏற்றிச் செல்கையில் அவை படிப்படியாகத் தாவித் தாவி நீள்வதைப் பிரான்சிற் கண்டனர். மென்னுருக்கின் மேற்பரப்பில் தோன்றும் சரிந்த கோடுகளை 1842இல் பியோபேரும் 1860இல் ஜேர்மனியரான லூடர்சும் விவரித்தனர். லூடர்சின் பெயரே அக்கோடுகளுக்கு நிலைத்துவிட்டது. 1923இல் போர்ட்டெவின், லே சற்றலியர் ஆகிய இருவரும் அலுமினியக் கலப்புலோகங்களின் இழுவைச் சோதனையில் எழும் இந்த ஈர்வாட் பற்களைப் பற்றிப் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்துக்கு ஓர் அறிக்கை அளித்தனர். இன்று இவ்விளைவு அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றது. இரசாயன மாணவர் நன்கறிந்த சமநிலைத் தத்துவத்துக்குரிய லே சற்றலியர் வேறொருவர் என்பதையும் இங்கு குறிப்பிடல் வேண்டும்.

கண்டவர்கள் பலர், எனினும் காரணம் கூறப் பல்லாண்டுகள் சென்றன. அக்காரணத்தை அறிய உலோகத்தின் உள்ளமைப்பை ஒருசிறிது நோக்குதல் அவசியமாகும்.

உலோகமென்பது எண்ணிறந்த சிறு பளிங்குகளின் தொகுதி. ஒவ்வொரு பளிங்கிலும் அணுக்கள் வரிசை வரிசையாக ஒழுங்குற அமைந்துள்ளன. உலோகம் நிரந்தரமாக நீளும்போது, ஒரு வரிசை மற்றொரு வரிசையின்மேல் வழுக்கிச் செல்கின்றது. முழு வரிசையும் ஒரே கணத்தில் வழுக்குவதாயின் அதற்கு மிகப் பெரிய விசை வேண்டும். உண்மையில் உலோகங்கள் அதனினும் பன்மடங்கு குறைந்த விசையிலேயே இளகிவிடுகின்றன. இப்புதிருக்கு 1934இல் டெய்லர், ஒரோவன், போலான்யி ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே விடையைக் கண்டனர். நிலத்தில் விரித்த பெரிய பாயொன்றைச் சற்றே நகர்த்த விரும்புபவன் அதை முழுமையாக இழுத்துத் துன்புறவேண்டியதில்லை. ஓர் ஓரத்தில் சிறு மடிப்பொன்றை எழுப்பி, அம்மடிப்பை மறு ஓரம்வரை தள்ளிச் சென்றாற் போதும். பாய் மடிப்பளவு நகர்ந்திருக்கும். பளிங்கிலும் அவ்வாறே அணுவொழுங்கின் பிசகொன்று மடிப்பைப் போல நகர்ந்து செல்கின்றது. அப்பிசகைப் பிறழ்வுக்கோடு எனலாம். நெடுங்காலம் கருத்தளவில் மட்டுமே இருந்த இக்கோடுகளின் நகர்வை, 1956இல் கேம்பிரிட்ஜில் ஹேர்ஷ், ஹோர்ன், வீலன் என்போர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் நேரிற் கண்டனர். அவர்கள் அதனைக் கண்டதும் மெல்லிய அலுமினியத் தகட்டிலேதான்.

தூய அலுமினியத்தில் இம்மடிப்புகள் ஓரளவு தடையின்றி ஓடும். ஆதலால் அது மிக மென்மையானது. அதனை வலுப்படுத்தவே மகனீசியம் சேர்க்கப்படுகின்றது. மகனீசிய அணு, அலுமினிய அணுவினும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு பருமன் மிக்கது. நெருக்கமான வரிசையில் வந்தமர்ந்த பருத்த விருந்தாளியைப் போல அது எங்கும் இடமின்றி நெருக்குண்டு நிற்கும். பிறழ்வுக்கோட்டின் ஒரு பக்கத்தில் அணுக்கள் சற்றே அகன்றிருப்பதால், மகனீசிய அணுக்கள் அங்கே ஒதுங்க விரும்புகின்றன. அவ்வாறு ஒதுங்கிய அணுக்கள் கோட்டைச் சூழ்ந்து அதனை நகரவிடாது பிணித்துவிடுகின்றன. இரும்பினுள் காபன் அணுக்கள் இவ்வாறு பிறழ்வுக்கோடுகளைச் சூழ்வதை 1949இல் கொட்ரெலும் பில்பியும் விளக்கினர். அலுமினியத்தின் ஈர்வாட் பற்களுக்கும் இத்தகைய விளக்கமே பொருந்துமென 1953இல் கொட்ரெல் எழுதினார்.

அதிலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. அறை வெப்பநிலையில் மகனீசிய அணுக்கள் அலுமினியத்தினூடே மிக மெதுவாகவே இடம்பெயரும். ஓடும் கோட்டை அவை எவ்வாறு எட்டிப் பிடிக்கும்? தகடு உருமாறும்போது பளிங்கில் அணுவற்ற வெற்றிடங்கள் பல உண்டாகி அணுக்களின் பெயர்ச்சிக்கு வழிவிடுகின்றன என்பது கொட்ரெல் கூறிய விடை. கோடு ஓயாது ஓடுவதில்லை என்பது பின்வந்தோர் சேர்த்த விடை. 1972இல் மக்கோர்மிக் இதனை வலியுறுத்தினார். பிறழ்வுக்கோடு சிறிது தூரம் ஓடும். குறுக்கே நிற்கும் வேறு பிறழ்வுக்கோடுகளால் தடைப்பட்டு நிற்கும். வெப்பவசைவின் உதவியோடு தடையைத் தாண்டி மீண்டும் ஓடும். அந்தக் காத்திருப்பு வேளையிலேதான் மகனீசிய அணுக்கள் அதனைச் சூழ்கின்றன. காத்திருப்பு நீளும் அளவுக்குப் பிணிப்பும் இறுகும்.

இங்கேதான் விந்தை பிறக்கின்றது. பொருள்கள் பொதுவாக விரைந்து இழுக்கப்படும்போது கூடுதலாக எதிர்க்கும். இக்கலப்புலோகமோ ஒரு குறித்த வெப்பநிலை, வேக எல்லைக்குள் இதற்கு நேர்மாறாக நடக்கின்றது. மெதுவாக இழுத்தாற் காத்திருப்பு நீள்கின்றது, பிணிப்பு இறுகுகின்றது, எதிர்ப்பு மிகுகின்றது. விரைந்து இழுத்தாற் பிணிப்பு தளர்கின்றது, எதிர்ப்புக் குறைகின்றது. ஆகவே, தகட்டின் ஏதோவோர் இடம் தற்செயலாக ஏனைய இடங்களை விடச் சற்றே விரைந்து நீளத் தொடங்கினால், அவ்விடம் மேலும் இளகுகின்றது. இளகியது மேலும் விரைகின்றது. முழுத் தகடும் பகிர்ந்துகொள்ள வேண்டிய நீட்சியனைத்தும் அந்த ஒடுங்கிய பட்டைக்குள் வந்து குவிய, ஏனைய பகுதிகள் ஏறக்குறைய அசைவற்று நின்றுவிடுகின்றன. பட்டை பிடிகளின் வேகத்தையும் விஞ்சி நீள்வதால் சுமை வீழ்கின்றது. வரைபில் ஒரு பல் தோன்றுகின்றது. நீண்ட இடம் இறுகுகின்றது. சுமை தணிந்ததும் கோடுகள் தளர்ந்து நிற்க, மகனீசிய அணுக்கள் மீண்டும் அவற்றைச் சூழ்கின்றன. அடுத்த பட்டைக்கான வேளை வருகின்றது.

பட்டைகள் மூவகையின. விரைந்த இழுவையில் ஒரு பட்டையின் விளிம்பிலுள்ள இறுக்கம் அயலிடத்தை இளகச் செய்ய, பட்டை தொடர்ந்து ஊர்ந்து செல்லும். வேகம் குறைகையில் அது விட்டுவிட்டுத் தாவிச் செல்லும். மேலும் குறைந்தால், ஒன்றுக்கொன்று தொடர்பின்றி இங்குமங்குமாகத் தோன்றும். பட்டை நேர் குறுக்காக அமையாது இழுவையின் திசையோடு ஏறத்தாழ 55 பாகை சரிந்து நிற்பதற்கும் காரணம் உண்டு. இளகும் பட்டைக்கும் இளகாத தகட்டுக்கும் பொதுவான எல்லைக்கோடு தன் நீளத்தில் மாறுதல் கூடாது. மாறினால் இரண்டும் பொருந்தி நிற்கவியலாது. நீளவாட்டில் விரிந்து அகலவாட்டில் ஒடுங்கும் மெல்லிய தகட்டில், அத்தகைய மாறாக் கோடு அந்தச் சரிவிலேதான் அமையும்.

தொழிற்சாலையில் இப்பட்டைகள் வரவேற்கப்படுவதில்லை. அலுமினிய, மகனீசியக் கலப்புலோகங்கள் மென்பானக் கலங்களின் மூடிகளுக்கும் மோட்டார் வாகனங்களின் உட்தகடுகளுக்கும் பயன்படுகின்றன. அழுத்தி உருவாக்கும்போது எழும் பட்டைத் தழும்புகள் வர்ணம் பூசினாலும் மறையா. ஆதலால் வாகனத்தின் வெளிமுகத்துக்கு வேறுவகை அலுமினியக் கலப்புலோகங்களே பெரிதும் தெரிவாகின்றன. லூடர்சின் கோடுகளைத் தகட்டை முன்கூட்டியே சற்று உருட்டித் தவிர்த்துவிடலாம். போர்ட்டெவினும் லே சற்றலியரும் கண்ட பட்டைகள் அவ்வுபாயத்துக்கு அடங்குவதில்லை. அவை எழுந்தும் அடங்கியும் வரும் முறையைக் கணித மொழியில் வடித்தவர்களுள் தமிழ்நாட்டின் கல்பாக்கத்து அணுவுலை ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய ஆனந்தகிருஷ்ணா, வல்சகுமார் ஆகியோரும் அடங்குவர். 1982இல் வெளியான அவர்களது ஆய்வு இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகின்றது.

இவற்றுட் பலவற்றை நண்பன் சொல்ல மாணவன் கேட்டான். ஏனையவற்றைப் பின்னர் நூல்களிற் கற்றான். ஆயினும், அன்று அவன் மனத்தைத் தைத்தது இவை எதுவுமன்று. சோதனை முடிந்ததும் நண்பன் தன் குறிப்பேட்டில் ஒரேயோர் எண்ணை எழுதினான். ஐம்பது மில்லிமீற்றர் நீளமான பகுதி அறுபது மில்லிமீற்றராக நீண்டிருந்தது. நீட்சி நூற்றுக்கு இருபது. அவ்வளவுதான். அந்த எண்ணிற் பட்டை எங்கே இருக்கின்றது? ஒவ்வொரு கணத்திலும் ஏறக்குறைய முழுத் தகடும் சும்மா நிற்க, ஒரு விரற்கிடை இடம் மட்டும் அத்தனையையும் தாங்கிற்றே, அதனை இந்த இருபது எங்கே சொல்கின்றது?

கையிலிருந்த அட்டவணையை அவன் நோக்கினான். ஏக்கருக்கு இத்தனை புசல். அதுவும் ஒரே எண்தான். கூட்டலிற் பிழையில்லை; வகுத்தலிலும் பிழையில்லை. எனினும் வரம்புகளில் நடந்தபோது அவன் கண்ட காட்சிகள் இப்போது வேறு முகத்தோடு எழுந்து நின்றன. துருசுக்கு அண்மையிலிருந்த காணிகளில் நீர் நிறைந்து நின்றதை அவன் கண்டிருந்தான். வாய்க்காலின் கடைசியிலிருந்த காணிகளிற் சிறுபோகத்தின்போது நிலம் வெடித்துக் கிடந்ததையும் கண்டிருந்தான். கடைக்காணிக்காரர் ஒருவர், “தம்பி, எங்கட காணிக்குத் தண்ணி வாறதுக்கிடையில பயிர் கருகிப்போம்” என்று சொன்னதைத் தன் குறிப்பேட்டில் எழுதியுமிருந்தான். எழுதிய அவனே பின்னர் அவரது விளைச்சலை ஏனையோர் விளைச்சலோடு கூட்டி, எல்லோருக்கும் பொதுவான ஓர் எண்ணாக வகுத்துவிட்டான். பற்றாக்குறை அந்த வயல்வெளியிற் சமமாகப் பரந்திருக்கவில்லை. அது ஓர் ஒடுங்கிய இடத்திற் குவிந்திருந்தது. அந்த இடத்தையே அவனது சராசரி மறைத்துவிட்டது.

உவமை கிட்டிய மகிழ்ச்சியில் அவன் அன்றிரவே தன் முன்னுரையை உலோகத்திலிருந்து தொடங்கி எழுத முற்பட்டான். சில பக்கங்கள் சென்றபின் எழுதுகோல் தடைப்பட்டது. உவமை ஓரிடத்தில் ஒவ்வவில்லை. தகட்டில் ஊரும் பட்டை ஓரிடத்திலேயே நிலைத்து நிற்பதில்லை. ஓரிடம் இளகி நீண்டதும் இறுகுகின்றது. சுமை அயலிடத்துக்கு மாறுகின்றது. இவ்வாறு பட்டை முனைக்கு முனை பலமுறை கடந்து செல்வதால், முடிவில் ஒவ்வோர் இடமும் ஏறக்குறையத் தன் முறையைச் செலுத்திவிடுகின்றது. ஒவ்வொரு கணத்திலும் பொய்யான சராசரி, நீண்ட நோக்கில் ஓரளவு மெய்யாகின்றது. கடைக்காணியின் நிலையோ அவ்வாறானதன்று. ஒரு சிறுபோகத்திற் கருகிய பயிர் அக்காணியை அடுத்த சிறுபோகத்துக்கு வலுப்படுத்துவதில்லை; கடன் சுமந்தவன் மேலும் இளகுகின்றான். அங்கே முறை மாறுவதில்லை. அறிவற்ற உலோகத்துக்கு இயல்பாக வாய்த்த முறைமாற்றத்தை, அறிவுள்ள மனிதர் கூடி வாய்க்காலில் ஏற்படுத்தினாலன்றி அது நிகழாது.

அவன் அந்த முன்னுரையைக் கிழித்துவிட்டான். உலோகத்தைப் பற்றி ஒரு சொல்லும் அவனது கட்டுரையில் இறுதியில் இடம்பெறவில்லை. பதிலாக, அட்டவணைகளைப் புதிதாக அமைத்தான். துருசிலிருந்து காணி எத்தனை தொலைவிலுள்ளது என்பதைக் கொண்டு வயல்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு வாய்க்காலின் தலைக்காணி, இடைக்காணி, கடைக்காணி என்பவற்றின் விளைச்சலைத் தனித்தனியே எழுதினான். இரு விவரங்கள் குறைந்தமையால் மீண்டும் ஊருக்குச் சென்று வந்தான். கட்டுரையைக் கையளிக்கும் நாள் நெருங்கிவிட்டபடியால் பல இரவுகள் விழித்திருக்க நேர்ந்தது. முடிவுரை முன்னிருந்ததைப் போல அழகாக அமையவில்லை; ஒரே வரியிற் சொல்லத்தக்கதாகவும் இருக்கவில்லை. ஆயினும், கடைக்காணிக்காரர் அதனைப் படித்தால் தன் வயலை அதிலே காண்பார் என்ற நிறைவு அவனுக்கு இருந்தது.

விஞ்ஞானமும் கலையும் இரு வேறு கரைகள் என்பாருளர். ஒன்றன் உவமைகளை மற்றொன்றுக்குள் இறக்குமதி செய்வதால் அக்கரைகள் இணைந்துவிடா. உலோகம் சமுதாயமன்று, சமுதாயமும் உலோகமன்று. ஆனால், பார்க்கும் முறையொன்றை ஒரு துறை மற்றொரு துறைக்குக் கற்பிக்கவியலும். விளக்கைச் சரித்துப் பிடித்தாலன்றித் தகட்டின் பட்டை கண்ணுக்குத் தெரியாது. நேரே விழும் ஒளியில் முகம் முழுவதும் ஒரே பளபளப்புத்தான்.

சோதனைக்குள்ளான அத்தகட்டின் முடிவும் ஈண்டு கூறத்தக்கது. பலமுறை வந்து சென்ற பட்டைகளுள் இறுதியாகத் தோன்றியது நகர்ந்து செல்லவில்லை. இறுகுவதற்கு இனி ஆற்றலற்ற ஓரிடத்தில் அது நின்றுவிட்டது. தகடு அந்தச் சரிவிலேயே அறுந்தது. அறுந்த துண்டுகளில் ஒன்றை நண்பனிடம் கேட்டுப் பெற்று, மாணவன் தன் மேசையில் நெடுநாள் வைத்திருந்தான். வருவோர் அதனை எடுத்துப் பார்த்து, முழுத் தகடும் வழவழப்பாகவே இருக்கின்றதே என்பர். அவன் மேசை விளக்கைச் சற்றே சரித்துக் காட்டுவான்.